வெள்ளைப் புள்ளி வைத்தவர்

கட்டிலையும் பெட்டியையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னது தம்பிதான். இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனைப் பார்த்து எல்லாருக்கும் பாவமாகிவிடும், அப்புறம் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அப்பா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. தம்பிக்கு வேலை வேறு ஊரில். மறுநாள் காலை ரயில். அதற்குள் அப்பாவின் அறையைக் காலி செய்து, வீட்டைப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி நின்றான். அக்கா பக்கத்துத் தெருவில் குடியிருப்பவள், அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள். "இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டுமேடா" என்று கேட்டுப் பார்த்தாள்.

"கிடந்து? கட்டிலைக் கட்டிப்பிடிச்சு அழப்போறியா?"

அவனுக்கு அந்த இரும்புக் கட்டிலைக் கண்டாலே ஆகாது. காரணம் உண்டு, வருகிறேன். பழைய இரும்புக்காரர் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, "சீக்கிரம் ஆகட்டும்மா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மாடி வீட்டம்மா படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தாள். நல்ல மத்தியான வெயில்.

கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டி ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. பட்டாளத்திலிருந்து அப்பாவோடு வந்தது. தம்பி அதை இழுத்து வெளியே போட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து பூட்டைத் திறந்தான். மேலே கம்பளி. அதன் கீழே பூட்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில், காக்கித் துணியில் சுற்றி, வட்டமாக ஒன்று. பிஸ்கட் டப்பா மாதிரி இருந்தது. அவன் துணியை உருவிவிட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத் தூக்கினான். மேல் மூடி கட்டைவிரல்களுக்குக் கீழே லேசாக உள்ளே போயிற்று.

டக்.

"நில்!" என்றாள் அக்கா.

யோசித்துச் சொன்னதில்லை, அவள் வாயிலிருந்து அப்பாவே சொன்னது போல வந்தது. தம்பியும் அப்படியே நின்றுபோனான். கை அந்தரத்தில், டப்பா பெட்டிக்கு மேலே, வாய் பாதி திறந்தபடி.

அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை. அப்பா பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் இருந்தவர். அங்கே யாராவது "நில்" என்றால் தூக்கிய காலைக் கீழே வைக்கக்கூடாது, ஏன் என்று கேட்கக்கூடாது. வீட்டுக்கு வந்தும் அந்த ஒரு வார்த்தையை விளையாட்டுக்குக்கூட வீணாக்க மாட்டார். "ஓடாதே", "குதிக்காதே", "கழுதை" எல்லாம் தாராளமாக வரும், "நில்" மட்டும் வராது. தம்பி பள்ளிக்கூடம் போன வயதில் ஒரு மழை நாளில் வந்தது. வாசலில் தேங்கிய தண்ணீரில் அறுந்த மின்கம்பி கிடந்தது. அவன் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றான், அப்பா பின்னாலிருந்து அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்குப் பிழைத்த பிள்ளைதான் இன்றைக்கு இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"அக்கா," என்றான், உதடு மட்டும் அசைய. "இது என்னது?"

அவளுக்குத் தெரியும், கண்ணிவெடி. அப்பா ஒருமுறை காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார், தெருவில் இப்படி எதைப் பார்த்தாலும் தொடாதே என்று. ஆனாலும் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அசையாதே. அழுத்தின விரலை எடுக்காதே. இதோ வரேன்" என்று சொல்லி வெளியே ஓடினாள்.

இரும்புக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு எடுத்தார் பாருங்கள் ஓட்டம், தெருமுனை போய்த்தான் திரும்பிப் பார்த்தார். மாடி வீட்டம்மா மட்டும் லேசில் நகரவில்லை. "உங்க அப்பாவா? ஸ்டூல் மேல ஏறினாக்கூட நாலு தடவை ஆட்டிப் பார்க்கிற மனுஷனா வெடியை வீட்டுல வெச்சிருந்தார்?" என்று கேட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் விட்டாள். போலீஸுக்குப் போன் போட்டாள். வெடிகுண்டுப் பிரிவு கிளம்பியாயிற்று, மேம்பாலத்தில் நெரிசல், அசைய வேண்டாம், நீங்களும் உள்ளே போக வேண்டாம் என்றார்கள்.

போனாள்.

"ஏன் வந்தே? போக்கா வெளியே. உனக்குக் குடும்பம் இருக்கு."

"நீ என்ன, எதிர்வீட்டுப் பிள்ளையா? வாயை மூடிக்கிட்டுப் பிடி."

அவனுக்கு வலது தோள் சரியில்லை. பைக்கிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டது, கையைத் தூக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும். அப்போதே முழங்கைக்குக் கீழே துடிப்பது தெரிந்தது. அக்கா கட்டிலிலிருந்த தலையணைகளை எடுத்து ஒவ்வொன்றாக, மூச்சுக்கூட விடாமல், அவன் முழங்கைகளுக்குக் கீழே அடுக்கினாள். கொஞ்சம் தாங்கியது. ஆனால் விரல்களுக்கு யார் முட்டுக்கொடுப்பது?

அவன் முகம் பயத்தில் மட்டும் வெளுத்திருக்கவில்லை. "அப்பா இதை வெச்சிருந்திருக்கார்" என்றான். "நாம தூங்குற வீட்டுல. நாம விளையாடுற வீட்டுல. என்ன மனுஷன்க்கா அவர்?"

அந்தக் கேள்வி அக்காவை வெடியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. தம்பி இதோடு போய்விடுவானோ என்பது ஒரு பயம். போகாமல் பிழைத்து, ஆயுசு முழுக்க அப்பாவை இப்படியே நினைத்துக்கொண்டிருப்பானோ என்பது இன்னொன்று. அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பேச்சு நின்றால் அவன் கை நடுங்கும் என்று பட்டது.

"என்ன மனுஷன்னா கேட்கிறே? என் தலையைப் பின்னிவிட்ட மனுஷன்டா."

அம்மா போனபோது தம்பி தவழ்கிற பிள்ளை. அப்பா பட்டாளத்தை விட்டுவிட்டு வந்தார். நிலத்தில் குப்புறப் படுத்து, மெல்லிய கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்தி, தட்டுப்பட்டதை விரலால் மண் தள்ளி எடுத்த கை அது. அந்தக் கைக்கு ஒரு சின்னப் பெண்ணின் தலைமுடி பிடிபடவில்லை. அவள் அழுதாள். அன்று ஒரு கயிற்றை மூன்று பிரியாகப் பிரித்து ஜன்னல் கம்பியில் கட்டி, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் பின்னிப் பின்னிப் பழகினார். கயிறு சொன்ன பேச்சைக் கேட்ட பிறகுதான் அவள் தலையில் கை வைத்தார். பள்ளிக்கூடத்திலேயே இறுக்கமான பின்னல் அவளுடையதுதான், சாயங்காலம் வரைக்கும் புருவம் இறங்காது.

"கண்ணு ரெண்டும் மேல இழுத்துக்கிட்டு நிக்குமே" என்றான் தம்பி. சிரிக்கப் பார்த்தான்.

"சிரிக்காதே. கை ஆடுது."

பெயிண்ட் கம்பெனி குடோனில் அவருக்குக் காவல் வேலை. அங்கிருந்து ஒரு குட்டி வெள்ளை பெயிண்ட் டப்பாவும் ஒல்லிப் பிரஷும் வீட்டுக்கு வந்தன. பட்டாளத்தில், வெடி எடுத்து முடித்த பாதையின் ஓரத்தில் வெள்ளை நாடா கட்டுவார்கள், இதில் நடக்கலாம் என்று. வீட்டில் நாடாவுக்குப் பதில் வெள்ளைப் புள்ளி. ஏணியைச் சோதித்தால் ஒரு புள்ளி. பிளக்கில் ஒரு புள்ளி. மொட்டை மாடிக் கைப்பிடியில் வரிசையாகப் புள்ளி. வீடே அம்மை போட்ட மாதிரி இருந்தது. அக்காவின் கல்யாணத்தன்று தோழிகள், "மாப்பிள்ளை பின்கழுத்துல புள்ளி இருக்கான்னு பாருடி" என்று கிண்டல் பண்ணினார்கள்.

புள்ளி வைத்தால் மட்டும் போதாது, அதற்கு மேலே ஒரு சட்டம் இருந்தது. வெள்ளை போட்டவன்தான் முதலில் நடக்க வேண்டும். பட்டாளத்தில் எழுதிவைத்த சட்டமா, அப்பாவே தனக்குப் போட்டுக்கொண்டதா என்பது தெரியாது. அக்காவுக்குச் சின்ன சைக்கிள் வாங்கியபோது, மலை மாதிரி ஆள், முழங்கால் காதைத் தொட, தெருக்கோடி வரை அதை மிதித்துப் போய்த் திரும்பினார். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரில் புள்ளி வைத்து, "இப்ப நீ ஓட்டு" என்றார். இருமல் மருந்து வாங்கினால் முதல் மூடி அவருக்கு. மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இவரும் ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வயசானவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"எனக்கு மட்டும் என்ன பண்ணினார்?" என்றான் தம்பி. வியர்வை அவன் மூக்கு நுனியில் திரண்டு நின்றது. அக்கா முந்தானையால் ஒற்றி எடுத்தாள். "இந்தக் கட்டில்ல ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைப் பக்கத்துல படுக்க விட்டிருக்காராக்கா? காய்ச்சல்ல அனத்திக்கிட்டு வந்து ஏறினேன். தூக்கிக் கீழே விட்டார். வீட்டுக்கு வீடு அப்பா நெஞ்சு மேல பிள்ளை படுத்துக் கிடக்கு. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

காரணம் வருகிறேன் என்றேனே, இதுதான். அந்தக் கட்டிலில் அப்பாவைத் தவிர யாரும் உட்காரக்கூடாது. அது வீட்டின் கடைசி அறையில், வெளிச்சுவரை ஒட்டிக் கிடக்கும், பிள்ளைகள் தூங்குவது வாசல் பக்க அறை. தம்பி ஏறினால் இறக்கிவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு வாசல் அறைக்கு வந்து, விடிய விடியத் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தூங்க மாட்டார். உட்கார்ந்திருந்ததைப் பிள்ளை மறந்துவிட்டது, இறக்கிவிட்டதை மறக்கவில்லை. அக்காவுக்கும் அதற்கு விளக்கம் தெரிந்ததில்லை.

"அக்கா, விரல் மரத்துப்போச்சு."

"இரு. ஒரே நிமிஷம் இரு."

அவள் பெட்டியின் ஓரத்தில் தலையைச் சாய்த்து, போனின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, டப்பாவின் அடியைப் பார்த்தாள். துரு. நடுவில் ஒரு துளை, திருகு போட்டு அடைத்த மாதிரி. துளைக்குப் பக்கத்தில் மங்கலாக, உளுத்துப்போன பல் மாதிரி மஞ்சளடித்து, வட்டமாக ஒரு புள்ளி. வெள்ளைப் புள்ளி.

"இருக்குடா! புள்ளி இருக்கு!"

"அப்ப விட்டுடலாமா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. ஏனென்றால் அப்பாவின் வெள்ளை ஒருமுறை தவறியிருக்கிறது. அவர் வாயைத் திறந்து சொன்னதே இல்லை, சொன்னது கட்டைக்கால் மாமா. அப்பாவோடு ஜோடியாக வேலை பார்த்தவர். அப்பா சுத்தம் செய்து நாடா கட்டிய பாதையில் முதலில் நடந்தவர் அவர்தான், வெடித்து ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கட்டைக்கால் என்ற பட்டப்பேரையும் அவரே வைத்துக்கொண்டார். வருஷா வருஷம் வருவார், அப்பாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைப்பார், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

அக்கா அவருக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டித் தரையில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். "அந்தக் கிறுக்கன் இன்னுமா அதை வெச்சிருந்தான்?" என்றார் மாமா.

"அது என்ன மாமா?"

"அன்னைக்கு அந்தப் பாதையில அவன் எடுத்ததும்மா. எடுத்தது ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல பார்க்காம விட்டது ஒண்ணு. விட்டதுலதான் நான் மிதிச்சேன். உள்ளே இருந்ததையெல்லாம் அவனே எடுத்துக் காலி பண்ணிட்டு, கூட்டை மட்டும் யாருக்கும் தெரியாம பெட்டியில போட்டு ஊருக்குக் கொண்டுவந்துட்டான். துக்கத்துல புத்தி பேதலிச்சுப் பண்ணினது. தெளிஞ்சப்புறம் வெளியே சொல்ல வெட்கம்."

"அப்ப காலிதானே மாமா? விட்டுடட்டுமா?" என்றான் தம்பி.

"நான் கண்ணால பார்க்கலைடா. காலி பண்ணிட்டேன்னு அவன் சொன்னான். ஆனா தன் கை மேல அவனுக்கே அப்புறம் நம்பிக்கை இல்லை. தூக்கிப் போட்டுத் தொலைடான்னு நான் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன். எங்கே போடறதுன்னு கேட்பான். குப்பையில போட்டா எவன் கைக்கோ போகும், புதைச்சா எவன் காலுக்கோ போகும். வெள்ளை போட்டது நான், என் மேலேயே கிடக்கட்டும்னான். கட்டிலுக்கு அடியில வெச்சு அதுமேல படுத்தான். முதல்லயே அப்படித்தான், பட்டாளத்துலயே மாசக்கணக்கா அதைத் தலைமாட்டுல வெச்சுப் படுத்தப்புறம்தான் வீட்டுக்கே கொண்டுவந்தான். இத்தனை வருஷமும் அந்தக் கட்டில்ல வேற யாரையாவது உட்கார விட்டிருக்கானா, சொல்லு?"

தம்பியின் கண் நிரம்பி வழிந்தது, துடைக்கக் கையில்லை.

"அதுக்காகவா?" என்றான். "அதுக்காகவா என்னை இறக்கிவிட்டார்?"

அழுகையில் அவன் தோள் குலுங்கியது. அதோடு பிடி போயிற்று. ஒரு தலையணை சரிந்தது. வலது கட்டைவிரல் மூடியின் மேல் வழுக்கியது. "அக்கா முடியலை! போக்கா! போயிடு!" என்று கத்தினான்.

அக்கா போகவில்லை. அப்பா அதன் மேல் படுத்துப் படுத்துச் சோதித்தாகிவிட்டது, அவர் நடந்து முடித்த பாதை இது, இதைவிட வேறு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தன் இரண்டு கைகளையும் அவன் கைகளுக்குக் கீழே கொடுத்து டப்பாவைத் தாங்கினாள். "விடுடா. அப்பா முதல்ல போயிட்டார். நீ விடு."

விட்டான்.

டக்.

மூடி மேலே வந்தது, அவ்வளவுதான். இருவரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனையிலிருந்து மாடி வீட்டம்மா யாரையோ அதட்டுவது கேட்டது. முதலில் கண்ணைத் திறந்தது தம்பி. அக்காவின் கையில் இருப்பதைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான். போன் தரையில் கிடந்து, "என்னாச்சு? டேய், யாராவது பேசுங்கடா!" என்று அலறிக்கொண்டிருந்தது.

"இருக்கோம் மாமா" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரத்தில் வெடிகுண்டுப் பிரிவு வந்தது. கனமான உடுப்புக்குள்ளிருந்த அதிகாரி ஒரு பெண். அக்காவின் கையிலிருந்து அதை வாங்கி, இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலை. பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அழுத்திக்கிட்டே நின்னா வெடிக்காதுன்னு யாரும்மா சொன்னது? சினிமா பார்த்தீங்களா? இது அழுத்தினதும் வெடிக்கிற ஜாதி. டக்குன்னு சத்தம் கேட்டப்புறமும் நீங்க கதை பேசிக்கிட்டிருந்தீங்கன்னா அது காலின்னு அர்த்தம். துருப்பிடிச்சு மாட்டிக்கிட்டிருந்தாத்தான் வம்பு. அப்படியும் இல்லை." திட்டுகிற குரலிலேயே சொல்லிக்கொண்டு வந்தவர் தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "உள்ளே ஒண்ணுமே இல்லை. ஒரு பொடி மருந்துகூட இல்லை. வெளியேதான் துரு, உள் பக்கமெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருக்கார். இவ்வளவு சுத்தமா ஒருத்தர் காலி பண்ணி நான் பார்த்ததில்லை. எடுத்தது யாரு?"

"எங்க அப்பா" என்றான் தம்பி, அக்கா வாயைத் திறக்கும் முன்.

அதை அவர்கள் ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு மறுபடி நடமாடத் தொடங்கியது. இரும்புக்காரர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்து, ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டு, "கட்டிலை ஏத்திடலாமாங்க?" என்று கேட்டார். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"இல்லைங்க. அது இங்கேயே இருக்கட்டும்" என்றான் தம்பி.

அக்கா உள்ளே போய், கட்டிலின் விளிம்பில் உட்காரப் போனாள்.

"நில்" என்றான் தம்பி.

அவள் பாதி குனிந்தபடியே நின்றாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவளைத் தாண்டிப் போய்க் கட்டிலில் ஏறினான். சுவர்ப் பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கன்னத்தை மெத்தையில் வைத்துப் படுத்தான். அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தான். கட்டில் கிரீச்சென்றது. பிறகு பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்துகொண்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"இப்ப உட்காருக்கா."